யிமோன் மீன்

புத்தருக்கு விழா எடுக்கிற கசோன் பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மடாலயத்துப் படகுத்துறையில் உயிர்மீன் விற்கிறவர்கள் அலுமினிய அண்டாக்களை வரிசையாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யிமோன் ஒவ்வொரு அண்டாவாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். பதினோரு அண்டாவிலும் ஒரே மீன்தான். சாம்பல் நிறம், முதுகு நெடுக முள், தட்டை உடம்பு, எதற்கும் அசராத முகம். சிலேபி. தண்ணீர் சுட்டாலும் அதற்குக் கவலையில்லை, கலங்கினாலும் கவலையில்லை. ஒரு பெண் அவளை நிறுத்தி, "எத்தன வயசுக்கு வேணும்க்கா? எண்ணிப் போடுறேன். வழியில ஒண்ணுகூடச் சாவாது" என்றாள். யிமோன் ஏரிக்கெண்டை இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெண் பக்கத்து அண்டாக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். கெண்டையை அவள் கண்ணால் பார்த்தே நாலு வருஷமாகிறதாம். பிறந்தநாளுக்குக் கெண்டையை விடப்போகிறேன் என்று கிளம்பினால் பிறந்தநாள் போய்க் கருமாதிதான் வரும் என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். யிமோனுக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது.

நோயில் கிடக்கிறவன் வயதை எண்ணி, அதற்கு மேல் ஒன்று சேர்த்து, அத்தனை உயிரைத் தண்ணீரில் விட வேண்டும். மேலே சேர்க்கிற அந்த ஒன்று, வரப்போகிற வருஷத்துக்கு. அவள் புருஷன் சான்பேக்கு அறுபது முடிந்திருந்தது. ஆக அறுபத்தொன்று. விடுவதற்கு முன்னால் அண்டாவிலேயே ஒன்று செத்துவிட்டால் அது புண்ணியம் இல்லை, பாவம். அதனால் ஏரிக்கரையில் இருக்கிற நாலு பேருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு: சாகாத மீனாகப் பார்த்து வாங்கு. இந்தக் கணக்கில் எந்தத் தப்பும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. யிமோனுக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

சான்பேயை டவுன் ஆஸ்பத்திரியில் போன மாதமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஈரல் கெட்டு வயிறு உப்பிவிட்டது. காலும் முகமும் மஞ்சள் பூத்துக் கிடந்தன. மீன் விடலாமா என்று யிமோன் பேச்செடுத்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். "அந்தச் சனியன இன்னொரு தடவ என் பேரச் சொல்லித் தண்ணியில நீ விட்டேன்னா, நான் சாது சொல்ல மாட்டேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஒருவர் செய்த புண்ணியம் இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அவர் அதைக் கேட்டு மனம் மகிழ்ந்து சாது, சாது, சாது என்று மூன்று முறை சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டால் செய்தவளுக்கே அது திரும்பிவிடும். மனுஷன் தன் உயிரின் தாழ்ப்பாளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

கெண்டை என்றால் சொல்வாராம். அதையும் அவரே சொன்னார்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர் இப்படி அடம் பிடிக்கவில்லை. அப்போது விஷக்காய்ச்சல். ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தார். ஜோசியர் நாற்பத்தைந்து உயிர் என்று சொன்னார். யிமோன் டவுனுக்குப் போய், குளம் வெட்டி மீன் வளர்க்கிற ஒருவரிடம் நாற்பத்தைந்து சிலேபி வாங்கினாள். அதுவரை அந்த மீனை ஏரிப்பக்கம் யாரும் வளர்த்தும் பார்த்ததில்லை, பிடித்தும் பார்த்ததில்லை. நல்ல வெயில். இரண்டு மணி நேரப் படகுப் பயணம். ஒன்றுகூடச் சாகவில்லை. மடாலயத் துறையில் ஊரே கூடியிருந்தது. அண்டாவைச் சாய்க்கப் போகும்போது ஒரு மீனின் வாயிலிருந்து தூசி மாதிரி என்னவோ வெளியே வந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் குஞ்சு. யிமோன் கையை ஆட்டியதும் அத்தனையும் பதறிக்கொண்டு தாயின் வாய்க்குள் போய்ப் புகுந்துகொண்டன. கூட்டத்தில் இருந்தவர்கள் கைகூப்பினார்கள். மீனுக்குக்கூடப் பெற்ற பாசம் இருக்கிறது பார் என்று ஒரு கிழவி அழுதாள். நாற்பத்தைந்துக்கு வாங்கி நானூறை விட்டிருக்கிறாய், உன் புருஷனுக்குச் சாவே இல்லை என்று எல்லோரும் யிமோனை மெச்சினார்கள். அவளும் பூரித்துப்போனாள். மூன்றாம் நாள் சான்பே எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். நடந்ததை அவள் சொல்ல, அவர் படுக்கையிலிருந்தே மூன்று முறை சாது சொன்னார். மூன்றாவது முறை குரல் நன்றாகவே எழும்பியது.

அப்புறம் இரண்டு வருஷம் அந்த மீனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஏரி எவ்வளவு பெரிசு, நாற்பத்தைந்து மீன் எந்த மூலைக்கு? மூன்றாம் வருஷம் தண்ணீர் வற்றியபோது மடாலயத்தின் பின்பக்கத்து ஆழமில்லாத இடத்தில் சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தினாற்போல் வரிசையாகக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொரு முட்டைக்குழிக்கும் ஒரு ஆண் சிலேபி காவல். நாலாம் வருஷம் வலைக்கு நாலைந்து விழுந்தன. ஆறாம் வருஷம் கூடை கூடையாக விழுந்தது. சான்பேயின் தம்பி லாமௌங், வாயைத் திறந்தால் கேலிதான் பேசுகிறவன், ஒருநாள் சந்தையில் கூடையை இறக்கிவைத்து, "எல்லாரும் வாங்க, எங்க அண்ணி புள்ளைங்க வந்திருக்குங்க" என்று கூவினான். ஊர் சிரித்தது. அன்றிலிருந்து அந்த மீனுக்கு யிமோன் மீன் என்று பேர் நிலைத்துவிட்டது. இன்றைக்கு எத்தனை யிமோன் மாட்டியது, யிமோனைப் பொரித்தால் நல்லதா புளி போட்டால் நல்லதா என்று அவள் காதுபடவே பேசுவார்கள். அதில் பகை ஒன்றும் இல்லை. இப்போது வளர்ந்து நிற்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு மனுஷியின் பேர் என்பதே தெரியாது. ஒருதரம் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் வந்து, மீனின் பேரை உனக்கு ஏன் பாட்டி வைத்தார்கள் என்று கேட்டது.

முதலில் சான்பேயும் சேர்ந்துதான் சிரித்தார். என் உயிரைக் காப்பாற்றிய மீன் என்று விருந்தாளிக்கெல்லாம் சொல்லி, விருந்தாளிக்கு அதையே பொரித்தும் போட்டார். ஆனால் அவர் கெண்டை பிடிக்கிறவர். படகின் மூக்கில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலால் துடுப்புப் போட்டுக்கொண்டே, தண்ணீருக்கடியில் பாசி அசைகிற அசைவை வைத்து அங்கே கெண்டை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். பிறகு ஆள் உயரக் கூம்புக் கூடையை அதன்மேல் இறக்குவார். அந்த மனுஷன் வருஷா வருஷம் கூடையை இறக்கிவிட்டுச் சும்மா தூக்கத் தொடங்கினார். கெண்டை பாசியில் முட்டையை ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும். காவல் இருக்கிற வழக்கம் அதற்கு இல்லை. எத்தனையோ காலமாக இந்த ஏரியில் காவல் இருக்க வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. வந்ததோ பிள்ளையை வாயில் வைத்து வளர்க்கிற சாதி. பிறத்தியான் பிள்ளையை அதே வாயால் நக்கித் தின்கிற சாதி. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியது என்பார்கள். இது விரட்டக்கூட இல்லை. பிறக்கவே விடவில்லை. பத்தாம் வருஷம் சான்பே ஒரு மாதம் முழுக்கப் போய் இரண்டு கெண்டை கொண்டுவந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது யிமோனின் முகத்தைப் பார்க்காமல், "நான் அன்னைக்கே போயிருக்கலாம்" என்றார். அவள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அதற்குப் பிறகு அவளை அவர் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. சிலேபியை அவர் தொடுவதை நிறுத்திவிட்டார். அவள் சமைத்து வைத்தால் வெறும் சோற்றையும் காரத்தையும் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். யிமோனுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யாருக்காக விட்டேன்? ஒன்பது நாள் தூக்கமில்லாமல் யார் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்? இந்தப் பதினாறு வருஷத்து மூச்சு எங்கிருந்து வந்ததாம்? இதையெல்லாம் அவள் அடுப்பிடம் சொன்னாள், துணி துவைக்கிற பலகையிடம் சொன்னாள். அவரிடம் சொன்னதில்லை.

போன வருஷம் மீன்வளத் துறையிலிருந்து ஒரு இளம்பெண் வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தாள். யிமோன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு வெல்லமும் தேநீரும் வைத்து, இதெல்லாம் அன்றைக்கு நான் விட்டதால்தானா என்று கேட்டாள். ஒருவர் ஒருநாள் விட்டு ஒரு ஏரி நிறையாது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். வருஷா வருஷம் பௌர்ணமிக்கு எல்லோரும் விட்டிருக்கிறார்கள். பெருவெள்ளத்தில் டவுனில் குளங்களின் கரை உடைந்து அத்தனையும் ஓடைவழியே ஏரிக்கு வந்திருக்கிறது. ஒருமுறை வந்தது செத்துப்போகும், இரண்டாம் முறை வந்ததும் போகும், திரும்பத் திரும்ப வந்தால்தான் வேர் பிடிக்கும். அதற்கும் மேலே, மிதக்கும் தோட்டங்களில் தக்காளிக்குப் போடுகிற உரமும் மருந்தும் இறங்கித் தண்ணீர் பச்சையாகி, பாசி அழுகி, கெண்டை ஏற்கெனவே நொந்துபோய் இருந்தது. ஏரிக்கு முதலில் நோய் வந்தது, அப்புறம்தான் இந்த மீன் வந்தது என்றாள். யிமோனுக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சாயங்காலம் சான்பேயிடம் ஒரு வரி விடாமல் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, "ஆயிரம் பேரு விட்டிருக்கட்டும். மொதல்ல விட்டது யாரு?" என்றார்.

படகுத்துறையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவளை லாமௌங் வழியில் பார்த்து மோட்டார் படகில் ஏற்றிக்கொண்டான். அவனுக்கு இப்போது தக்காளித் தோட்டம் மூன்று இருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் முதலில் வழக்கம்போலத் தொடங்கினான். "ஊருக்கே புள்ள பெத்துக் குடுத்த மகராசி, ஒனக்கு ஒரு கெண்டைக்கா பஞ்சம்?" என்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் மோட்டாரை அணைத்தான். வடக்கே நாணல் பக்கத்தில் அண்ணனின் பழைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் எங்கே பிடித்தது என்று மட்டும் கேட்காதே என்றான்.

மறுநாள் காலையில் போனார்கள். அந்த மனிதர் சான்பேயின் பேரைக் கேட்டதும், வீட்டுக்கடியில் தண்ணீரில் கட்டியிருந்த மூங்கில் கூண்டைத் தூக்கினார். உள்ளே மூன்று ஏரிக்கெண்டைகள். முழங்கை நீளம், பழைய வெள்ளி நிறம். மீன் பிடிக்கத் தடை போட்டிருக்கிற மடாலய எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். யிமோன் கேட்கவில்லை. புண்ணியத்துக்கு மீன் வேண்டுமென்றால் திருடித்தான் ஆக வேண்டும் என்கிற நிலைக்கு ஏரி வந்திருந்தது. அவர் எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அறுபத்தொன்றுக்கு எங்கே போவாய் என்று மட்டும் கேட்டார். மூன்று மீனாவது இருக்கிறதே என்றாள் அவள்.

இரண்டு மணி நேரப் பயணம். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. யிமோன் அண்டாவின்மேல் ஈரத்துணியைப் போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஏரித் தண்ணீரை மொண்டு மாற்றினாள். ஏரித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தது. பாதி வழியில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. அதைக் கையில் ஏந்தி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, போயிடாதே, போயிடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அது போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும். செத்ததை அண்டாவோடு வீட்டுக்குக் கொண்டுபோனால் சகுனம் கெடும் என்று இரண்டையும் கைகூப்பிவிட்டுத் தண்ணீரில் போட்டாள். அவை மூழ்குவதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கும்பல் வந்து இரண்டு பக்கமும் இழுக்கத் தொடங்கியது. லாமௌங் அதைப் பார்த்தான். மோட்டாரை வேகப்படுத்தினான்.

ஒன்று மட்டும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தது.

அண்டாவைச் சான்பேயின் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவரைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தாள். அவர் அண்டாவுக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மஞ்சள் பூத்த கையை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டார். கெண்டை விலகவில்லை. அவர் விரல் அதன் வயிற்றடியில் போய் நின்றது. பல வாரமாக அவள் காணாத ஒரு முகம் அவருக்கு வந்தது. படகின் மூக்கில் நிற்கிறபோது இருக்கிற முகம். சரி, எல்லாம் சரியாகப் போய்விடும் என்று யிமோன் ஒரு நிமிஷம் நம்பினாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் பத்து அண்டா சுமக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

"முட்டையிருக்கு" என்றார்.

"நானும் பாத்தேங்க. வயிறு பூரா முட்ட. ஒண்ணுதான்னு யோசிக்காதீங்க. உள்ள இருக்கிறதையும் சேத்தா அறுபத்தொண்ணு என்ன, ஆயிரமே தாண்டும். நாளைக்கு விடியறப்பவே துறையில கொண்டுபோய் விட்டுடறேன். நீங்க சாது சொன்னாப் போதும்."

அவர் கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு வாய்க்குள்ள இருந்தத நீ எண்ணல" என்றார். "இன்னைக்கு வயித்துக்குள்ள இருக்கிறத எண்ணுற."

யிமோன் அண்டாவின் ஈரத்துணியை எடுத்துப் பிழிந்தாள். அவர் குரலில் கோபம் இல்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. கோபம் இல்லாதது அதைவிடப் பயமாக இருந்தது.

"இத விடாத. சமைச்சுக் குடு."

"கெண்டைன்னா சாது சொல்றேன்னு நீங்கதானங்க சொன்னீங்க?"

"கெடைக்காதுன்னு நெனச்சுச் சொன்னேன்." மூச்சு வாங்க நிறுத்தினார். "விட்டா என்ன ஆகும்? இது போயி முட்ட போடும். போட்டு முடிக்கிறதுக்குள்ள ஒன் மீனு வந்து வழிச்சுட்டுப் போயிடும். அதுங்களுக்குப் படையல் போடவா இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்த? மஞ்சச் சோத்துல பெசஞ்சு குடு. நானாவது தின்னுட்டுப் போறேன்."

முட்டையோடு இருக்கிற உயிர், பாவம் இரட்டிப்பு என்றாள். உங்களுக்கு வாழ ஆசையில்லையா என்று கேட்டாள். அவர் மீனைப் பார்த்துக்கொண்டே, பூண்டைக் கொஞ்சம் தூக்கலாகப் போடு என்றார். பதினாறு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் பண்டம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அது உண்மையாகவும் இருக்கலாம், அந்த நேரத்துக்கு அப்படித் தோன்றியதாகவும் இருக்கலாம்.

அண்டாவைத் தூக்கிக்கொண்டு, ஏரிக்குள் கால் நட்டு நின்ற வீட்டின் வெளிப்பலகைக்கு வந்தாள். சாய்த்தால் தண்ணீர். இரண்டு சாண் கீழேதான். உள்ளே படுத்திருக்கிறவரால் எழுந்து வந்து பார்க்க முடியாது. கை நழுவிவிட்டது என்றால் முடிந்தது. ஆனால் அவர் சாது சொல்ல மாட்டார். புண்ணியம் முழுக்க அவளுக்கே வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு அவள் மட்டும் இன்னும் எத்தனை வருஷம் இந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பது? படகில் செத்த இரண்டையும் தண்ணீரில் போடாமல் கொண்டுவந்து அவருக்குச் சமைத்திருந்தால் இந்த ஒன்றையாவது விட்டிருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. நல்லதென்று நினைத்து எதைச் செய்தாலும் அது போய் அந்தச் சனியன்களின் வாயில்தான் விழுகிறது. அவள் யார்மேலென்று தெரியாமல் ஒருமுறை காறித் துப்பினாள். பிறகு அண்டாவைக் கீழே வைத்தாள்.

அவர்கள் பக்கத்தில் மீனை யாரும் அடிப்பதில்லை. கழுத்தை நெரிப்பதில்லை, கத்தியை முதலில் எடுப்பதில்லை. தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து வைப்பார்கள். அது தானாகப் போகும். கையால் கொல்லாதவரை பாவம் அவ்வளவாக ஒட்டாது என்பது நம்பிக்கை. யிமோன் இரண்டு கையாலும் கெண்டையைத் தூக்கினாள். நல்ல கனம். மூங்கில் பலகையின் நடுவில், நிழலாகப் பார்த்துக் கிடத்தினாள். அது ஒருமுறை வாலை அடித்தது. பிறகு அசையாமல் செவுளை மட்டும் விரித்து விரித்து மூடியது. அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூண்டு உரிக்கத் தொடங்கினாள்.

உள்ளேயிருந்து சான்பேயின் குரல் வந்தது. "செத்துடுச்சா?"

"இன்னும் இல்லீங்க."

கெண்டையின் உடம்பிலிருந்து தண்ணீர் மூங்கில் இடுக்கு வழியாகச் சொட்டியது. யிமோன் இடுக்கில் பார்த்தாள். கீழே அவை கூடியிருந்தன. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, அத்தனையும் வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னுமா?" என்றார் உள்ளேயிருந்து.